அக்கா எழுந்து போகும் படம்

எங்கள் முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்கம்மிணி, நம்ம வெப்சைட்டுல எதாச்சும் அசையோணுமுங்க.”

அங்கே அவருக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த இன்னொரு திருப்பூர்க்காரரின் வலைத்தளத்தில் ஒரு பனியன் சுற்றிச் சுற்றி வந்ததாம். துணி கொள்முதலுக்கு வந்த வெளிநாட்டு பையர்களெல்லாம் நின்று பார்த்தார்களாம். எங்களுடையதில் இருந்தது கம்பெனிக் கட்டடத்தின் படம், அதன் முன்னால் முதலாளி கை கட்டி நிற்கும் படம், கீழே ஃபேக்ஸ் எண்.

“நம்முளுது செத்த பாம்பாட்டம் கெடக்குதுங்க,” என்றார்.

“செஞ்சரலாங்க சார்,” என்றேன். அசையும் படம் எப்படிச் செய்வது என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

ஏற்றுமதிக் கோட்டா எல்லாம் எடுத்துவிட்டு, திருப்பூரில் தெருவுக்குத் தெரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. பல்லடம் சாலையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் மாடியில், ஏசி போட்ட அறையில், ஒரு கணினி என்னுடையது. லேபிள், அட்டைப்பெட்டிக்கான ஸ்டிக்கர், பனியன் நெஞ்சில் அடிக்கும் பிரிண்ட்டுக்கான படம், எல்லாம் நான்தான் செய்து கொடுப்பேன். கீழே பேக்கிங்கில் என் அம்மா பீஸ், அதாவது தைத்து முடிந்த பனியன், மடித்தாள். அப்பா வேறொரு கம்பெனியில் அயர்ன் போட்டார். கோவில்பட்டிப் பக்கம் மழை பொய்த்த காலத்தில் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுகூட இருக்கும்.

மதியம் நான் தூக்குப்போசியோடு படியிறங்கினால் பேக்கிங் பெண்கள் வேண்டுமென்றே குரலை உயர்த்துவார்கள். “தள்ளுங்கடி, மேல இருந்து மகாராணி எறங்கறாங்க. ஏசிக் காத்து நம்ம மேலயும் செத்த படட்டும்.” அம்மா தலை நிமிராமல், மடித்துக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் மெதுவாக இறங்குவேன்.

முதலாளிக்குக் கணினி தெரியாது. மெஷின் தெரியும். எந்த மென்பொருள் வாங்குவது என்று நான் கேட்டபோது அவர் மெஷின் வாங்கும் கதையைச் சொன்னார்.

“ஓவர்லாக் மெசினு வாங்கறப்ப நாங்க என்னங்க பண்ணுவோம்? மூணு கம்பெனிக்காரனையும் வரச்சொல்லி, மூணு பேத்துக்கும் ஒரே துணியக் குடுத்துத் தெச்சுக் காட்டச் சொல்லுவோம். எவனோட தையலு நிக்குதோ அவனோட மெசினு. இதும் அப்புடித்தானுங்க. ஒரே வேலைய மூணுலயும் பண்ணிக் காட்டுங்க. நானு பாத்துப்போட்டுச் சொல்றேன்.”

“என்ன வேலைங்க சார் பண்ணட்டும்?”

“நம்ம வேலைதானுங்க. ஒரு புள்ள பீஸ மடிக்கிறாப்பல போடுங்க. போதும்.”

அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. கைபேசி அடித்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். ஒரு பெண் பனியன் மடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் அசைபட மென்பொருள்கள் சோதனைப் பதிப்பாக இருந்தன. ஒரு மாதம் ஓடும். அதற்குள் பிடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மூன்றை எடுத்துக் கணினியில் ஏற்றினேன்.

முதலாவது, எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தது. எழுத்துகள் பறந்து வரும், உருண்டு வரும், தீப்பிடித்து எரியும். மனித உருவங்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி. கோட்டுப் போட்டு நடக்கிற வெள்ளைக்காரர், குடை பிடித்த பெண், ஆடுகிற கிறிஸ்துமஸ் தாத்தா. பனியன் மடிக்கிற பெண் யாரும் அதில் இல்லை. எங்கள் கம்பெனிப் பெயரைத் தீப்பிடிக்க வைத்துப் பார்த்தேன். பஞ்சும் துணியுமாக இருக்கிற இடத்துக்கு அது நன்றாக இல்லை. அதை அன்றே ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது சின்ன மென்பொருள். ஜிஃப் படம் செய்வது. சினிமாச் சுருள் மாதிரி ஒவ்வொரு படமாக நாமே வரைந்து அடுக்க வேண்டும். அது வேகமாகப் புரட்டிக் காட்டும். நம் கண் அசைவதாக நம்பும். எனக்கு அதன் நேர்மை பிடித்திருந்தது. இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. வரைந்தால் அசையும், வரையாவிட்டால் அசையாது.

மடிப்பது எப்படி என்று பார்த்துக்கொள்ள, கீழே இறங்கிப்போய் அம்மாவின் மேசையோரம் நின்றேன்.

“என்ன, மகாராணிக்கு எறங்கி வேல பாக்க ஆசையா?” என்றாள் அம்மாவுக்கு அடுத்து நின்ற பேக்கிங் பெண் ஒருத்தி.

“மடிக்கிறதப் பாக்க வந்தேங்க.”

“பாரு கண்ணு, நல்லாப் பாரு. இதப் பாத்துட்டுத்தான உங்கம்மா உன்னையப் படிக்க வெச்சா.”

பீஸைக் குப்புறப் போட்டார்கள். ஒரு கையை உள்ளே மடித்து, இன்னொரு கையை உள்ளே மடித்து, கீழிருந்து மேலே தூக்கி, திருப்பிப் போட்டு, கழுத்தை நீவினார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டேன். மேலே வந்தேன். மவுஸைப் பிடித்து வரையத் தொடங்கினேன்.

என் கை வேறொன்றை வரைந்தது.

நான் வரைந்த பெண் பீஸை மேசையில் போடுவதற்கு முன் காற்றில் இரண்டு முறை உதறினாள். கழுத்துப்பட்டியை முகத்தருகே கொண்டுபோய், கீழுதட்டைத் துருத்தி, ஒட்டியிருந்த பஞ்சை ஊதினாள். அதன் பிறகுதான் மடிக்கப் போனாள். கீழே யாரும் அப்படிச் செய்யவில்லை. நான் வரையும்போது யாரையும் நினைக்கவும் இல்லை. படங்களை அடுக்கி ஓடவிட்டுப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டது. ஏசி என்று சொல்லிக்கொண்டேன்.

என் அக்கா அப்படித்தான் மடிப்பாள்.

திருப்பூருக்கு வந்ததும் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. முதலில் கைமடி வேலை. அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை வாங்கி மடித்து அடுக்கிக் கொடுப்பது. பிறகு ஒரு சின்ன யூனிட்டில் பேக்கிங். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலையில் போகிறவள் இருட்டிய பிறகு வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவேன். அவளுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சத்தம் போட்டு வாசிப்பேன். அவள் மடித்துக்கொண்டே கேட்பாள். ஏதாவது புரியாவிட்டால் உதறுவதை நிறுத்தி, பீஸைக் காற்றில் பிடித்தபடி, “அதத் திரும்ப வாசி” என்பாள். அவள் கண்ணிமையில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. காய்ச்சலென்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வாரம் முடியவில்லை, அவள் முடிந்துபோனாள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் கண்ணை மூடியிருக்கிறாள்.

கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள்ளே வைத்துக் கும்பிடுவார்கள். கன்னி என்று சொல்வோம். எங்கள் வாடகை வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி. அதற்குள் புதுத் துணி, வளையல், ரிப்பன், சீப்பு, ஒரு பவுடர் டப்பா. ஆடி வெள்ளியில் அம்மா பெட்டியை இறக்கி, அவளைக் கூப்பிட்டு, புதுத் துணி வைப்பாள். முன் வருடம் வைத்த துணியை நான் உடுத்திக்கொள்வேன். ஊரில் பாவாடை தாவணிதான் வைப்பார்கள். அம்மா சுடிதார் வைத்தாள். அக்கா உயிரோடு இருந்தபோது சுடிதாருக்கு ஆசைப்பட்டாள், வாங்கித் தர முடியாமலே போனது. கும்பிட்டு முடிந்ததும் அம்மா வாசல் பக்கம் பார்த்து, “போயிட்டு வா தாயி” என்பாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கூப்பிட்டவர்கள் அனுப்பியும் வைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் அவளுக்குத் திரும்பத் தெரியாது. வந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

நான் கணினி படித்தவள். பெட்டிக்கு முன்னால் கும்பிடுவேன், துணியை உடுத்துவேன், ஆனால் இதையெல்லாம் அம்மாவின் மனசுக்கு வேண்டியது என்றுதான் வைத்திருந்தேன்.

வரைந்த பெண்ணுக்கு வண்ணம் கொடுத்தேன். முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. அடையாளம் சொல்ல முடியாத முகம். இலைப்பச்சைச் சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள். ஓடவிட்டேன். உதறினாள், ஊதினாள், மடித்தாள், மறுபடி உதறினாள்.

சாம்பிள் பீஸ் கொடுக்க அம்மா மேலே வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மாடி அறைக்குள் வருவதே அபூர்வம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தாள். பீஸை என் மேசையில் வைத்தவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

“ஏட்டி,” என்றாள். விரலைத் திரைப் பக்கம் நீட்டினாள்.

“வெப்சைட்டுக்கும்மா. முதலாளி கேட்டாரு.”

“இவள ஏம்ட்டி இங்க கொண்டாந்த?”

“அது சும்மா ஒரு படம்மா. யாரு முகமும் இல்ல பாரு.”

“மொகம் கெடக்கட்டும். ஊதுறத நான் பாக்கலையா?” திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். “இந்தப் பச்சை, போன ஆடிக்கு வச்சதுல்லா. உடுத்திட்டா.”

அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கா சுடிதார் போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் வரைந்தது, பெட்டிக்குள் மடித்து வைத்த துணியை உடுத்தியவளை.

அம்மா நின்றபடியே பார்த்தாள். அந்தப் பெண் மடித்து முடித்தாள். அடுத்த நொடி கையில் புதுப் பீஸ். உதறினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எப்ப நிப்பா?”

“நிக்காதும்மா. அது சுத்திச் சுத்தி ஓடும். அப்படித்தான் அந்தப் படம்.”

“ஒன்றர ஷிப்ட்டு பாத்தே செத்தா. இங்க ஷிப்டே முடியலையே, பாவி.” கீழே மணி அடித்தது. அம்மா போக வேண்டும். கதவருகே போய்த் திரும்பினாள். “கூப்பிட்டது நீ. நீதான் அனுப்பணும். என்னத்தையோ படிச்சிருக்கேல்ல, அத வச்சு அனுப்பு.”

அன்று மாலை வீட்டில் அதைப் பற்றி அம்மா பேசவில்லை. ஆனால் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். துணி இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. படித்து வேலைக்குப் போன பிள்ளை முதல்முறையாகத் தானே ஒன்றைச் செய்திருக்கிறது, அதைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு. மறுநாள் போனதும் அந்தப் பெண்ணை அழித்துவிட்டு அம்மாவுக்கு அடுத்து நிற்கிற பேக்கிங் பெண்ணை வரையலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை. எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை பறிகொடுத்தது போதும் என்று இருந்தது.

அழிக்க முடியாது என்றால் அனுப்ப வேண்டும்.

அந்த ஜிஃப் மென்பொருளில் படத்தை ஒரே ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தவும் வழி இருந்தது. நிறுத்திப் பார்த்தேன். கையில் துணியோடு, குனிந்த முதுகோடு ஸ்டூலில் உறைந்துபோனாள். அது முன்னதைவிட மோசம். எனவே மீதியை வரைந்தேன். மடித்த பீஸை அடுக்கின்மேல் வைக்கிறாள். துப்பட்டாவை அவிழ்த்து உதறுகிறாள். ஸ்டூலிலிருந்து எழுகிறாள். இடப்பக்கமாக நடந்து, படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போகிறாள். வெறும் மேசை, வெறும் ஸ்டூல்.

நடப்பதற்கு நிறையப் படம் வேண்டும். கால் தூக்க ஒன்று, வைக்க ஒன்று, கை வீச ஒன்று. படம் கூடக் கூடக் கோப்பு கனத்தது. அப்போது எங்களுக்கு இருந்தது தொலைபேசி வழியாகக் கீச்சென்று கத்திவிட்டு வருகிற இணையம். முதலாளியை உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தேன். அவர் டீ வரவழைத்தார், குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். பாதி மேசைதான் வந்திருந்தது.

“ஏனுங்கம்மிணி, இத்தன நேரம் எந்தப் பையரு ஒக்காந்திருப்பானுங்க? கொறைங்க.”

குறைத்தேன். எதை எடுப்பது? மடிக்கிற படத்தை எடுத்தால் முதலாளி விட மாட்டார். நடக்கிற படங்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். இணையம் தாங்கும் அளவுக்கு வந்தபோது நடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பீஸை அடுக்கில் வைக்கிறாள். அடுத்த படத்தில் ஸ்டூல் காலி. நடுவில் எதுவும் கிடையாது. ஓடவிட்டேன். இருந்தாள். இல்லை.

அப்படித்தான் அவள் போனாள். அதை மறுபடி என் கையாலேயே செய்து, உலகம் முழுக்கக் காட்ட வேண்டுமா?

சின்ன மென்பொருளை மூடினேன். மிஞ்சியது மூன்றாவது. ஃபிளாஷ். பெரியது, பலகை பலகையாகத் திறப்பது. அதன் முன்னால் உட்கார எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. எங்கள் முதலாளி போன்றவர்கள் வாங்கத் தயங்குகிற விலையும்கூட. பார்க்கிறவர்களின் கணினியிலும் அதற்கென ஒரு துணைநிரல் இருக்க வேண்டும். ஆனால் அது படத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்ளாமல் கோடாக வைத்துக்கொள்கிறது. அதனால் கனம் குறைவு. நடை மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவி வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மற்ற நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் தரை அதிரும். அன்று கட்டடம் மூச்சே விடவில்லை. வாட்ச்மேன் வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்; அதுவும் மேலே எட்டவில்லை.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கொடுத்தால் போதும், நடுவில் இருப்பதை அதுவே நிரப்பிக்கொள்ளும். தொடக்கத்தில் ஸ்டூலருகே நிற்கிறவளைக் கொடுத்தேன். முடிவில் ஓரத்தில் இருக்கிறவளைக் கொடுத்தேன். நிரப்பியது. அவள் வழுக்கிக்கொண்டு போனாள். கால் அசையவில்லை. நின்ற வாக்கில், தரையில் படாமல், காற்றில் மிதந்து ஓரத்துக்குப் போனாள். சட்டென்று நிறுத்தினேன்.

இங்கேயும் நடுவில் இருப்பதை நான்தான் வரைய வேண்டும்.

வரைவதற்கு உதவியாக அதில் வெங்காயத் தோல் என்று அர்த்தம் வருகிற ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால், இப்போது வரைகிற படத்துக்கு அடியில் முந்தைய படங்கள் மங்கலாகத் தெரியும். எங்கே கால் இருந்தது, எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்து வரையலாம். அமுக்கினேன். எழுந்து நிற்கிற அக்காவுக்குப் பின்னால், எழப் போகிற அக்கா மங்கலாக. அவளுக்கும் பின்னால், இன்னும் மங்கலாக, மடித்துக்கொண்டிருக்கிற அக்கா. அவளுக்கும் பின்னால் ஊதுகிறவள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவளே. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து நான் பார்த்த அத்தனை சாயங்காலமும் ஒரே ஸ்டூலில் இருந்தது.

நான் வரைந்தேன். அவள் நடை எப்படி என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருந்தவள் எழுந்ததும் முதல் அடி கொஞ்சம் இழுக்கும், அடுத்த அடியில் சரியாகும். அதை வரைந்தேன். போகிறவள் வந்த வழியும் வேண்டும் என்று தோன்றியது. அதே ஓரத்திலிருந்து அவள் உள்ளே வருவதையும் வரைந்தேன்.

வரைந்துகொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. பட், பட். துணியை உதறுகிற சத்தம். இரண்டே முறை.

பேக்கிங் மேசைமேல் தூசிக்குப் போர்த்தும் துணி காற்றில் அடித்திருக்கலாம். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இறங்கிப் பார்த்திருக்கலாம், நான் படித்தவள். இறங்கவில்லை. மவுஸை விட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வாசித்த மாதிரி, திரையில் இருந்த ஆங்கில உதவிக் குறிப்பைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். கடைசிப் படத்தில் நிற்க வேண்டும் என்றால் என்ன எழுத வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஒரு சொல்தான். வாசித்தேன். புரியவில்லை என்று யாரோ சொன்ன மாதிரி, திரும்ப வாசித்தேன். எழுதினேன். வெறும் ஸ்டூலில் படம் நின்றது.

திங்கட்கிழமை முதலாளிக்குக் காட்ட வேண்டும். பேக்கிங்கிலிருந்து ஒருத்தர் பார்த்து மடிப்பு சரியா என்று சொன்னால் நல்லது என்று அம்மாவையும் மேலே வரவழைத்தேன். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் மென்பொருளில் எங்கள் கம்பெனிப் பெயர் எரிந்தது. “அய்யோ வேண்டாமுங்க,” என்றார். இரண்டாவதில் அக்கா இருந்தாள், இல்லாமல் போனாள். அதை ஓடவிடும்போது நான் அம்மா பக்கம் திரும்பவில்லை. மூன்றாவதைப் போட்டேன்.

இடது ஓரத்திலிருந்து வந்தாள். உட்கார்ந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள். உதறினாள், உதறினாள், ஊதினாள்.

“அடடா,” என்றார் முதலாளி. “பஞ்ச ஊதறா பாருங்க! நெம்ப நல்லாருக்குதுங்க.”

மடித்தாள். அடுக்கில் வைத்தாள். துப்பட்டாவை அவிழ்த்து உதறி, எழுந்து, முதல் அடியை இழுத்து, நடந்து, போனாள். ஸ்டூல் இருந்தது. முதலாளி காத்திருந்தார். ஸ்டூல் இருந்தது.

“புள்ள எங்கீங்க போச்சு?”

“ஷிப்ட் முடிஞ்சுதுங்க சார்.”

சிரித்தார். “அதெல்லாஞ் சரிங்க. அந்தப் போறதையும் வர்றதையும் எடுத்துப்போடுங்க. மடிச்சுட்டே இருக்கட்டும், சும்மா சுத்தி உட்ருங்க. வேலைய உட்டுப்போட்டுப் போற மாதிரி எதுக்குங்க காட்டோணும்?”

சுவரோரத்தில் அம்மாவின் வளையல் ஒருமுறை அசைந்தது.

“அது ஆகாதுங்க சார்,” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கம்பெனியில் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“ஏனுங்க?”

“ஆடிட்டுக்காரங்க வர்றாங்கல்லீங்க சார். வந்ததும் மொதல்ல என்ன கேக்கறாங்க? ஷிப்ட் எப்ப முடியுது, ஓவர்டைம் எவ்வளவு, புள்ளைங்க எத்தன மணிக்கு ஊட்டுக்குப் போறாங்கன்னுதானுங்க. நம்ம வெப்சைட்டத் தொறந்தா ஒரு புள்ள எந்திரிக்காம, ஊட்டுக்கே போகாம மடிச்சுட்டே இருக்குதுன்னா, பாக்கறவங்க என்னங்க நெனைப்பாங்க? மத்த கம்பெனில பனியன் சுத்தும். நம்ம கம்பெனில வேல செய்யறவங்க வேல முடிஞ்சு ஊட்டுக்குப் போவாங்க சார். அது அவங்ககிட்ட இல்லீங்க.”

முதலாளி கன்னத்தைச் சொறிந்தார். வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க பையர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் வருகிறார்கள் என்றால் அந்தக் காலத்தில் எல்லா முதலாளியும் ஓவர்டைம் நோட்டைத் தேடி எடுப்பார்கள். அவர் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாத்தீங்களா,” என்று அம்மாவிடம் திரும்பினார். “உங்க புள்ள என்னையவே மடிச்சு வெச்சுப்போட்டா. செரிங்கம்மிணி, இந்த மெசினையே வாங்கிக்கலாம். தையலு நிக்குது.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு ஒரு நொடிதான். அவர் அடுத்துச் சொன்னது இது.

“இன்னொருக்கா போடுங்க பாக்கலாம். அந்த ஊதறத.”

ஸ்டூல் காலியாக நின்றுகொண்டிருந்தது. அனுப்பியாகிவிட்டது. இப்போது மறுபடி கூப்பிட வேண்டும். நாளைக்கு வலைத்தளத்தில் ஏறிவிட்டால் யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ, பெயர்கூடத் தெரியாமல் கூப்பிடுவார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா சுவரை விட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். முதலாளி இருப்பதை மறந்த மாதிரி குனிந்து, வெறும் ஸ்டூலைப் பார்த்து, உதட்டுக்குள்ளே ஏதோ சொன்னாள். ஆடி வெள்ளியில் வாசலைப் பார்த்துச் சொல்வதுதான். பிறகு நிமிர்ந்தாள்.

“போடு,” என்றாள். “வரட்டும். போற வழிதான் வச்சிருக்கேல்ல.”

போட்டேன். ஓரத்திலிருந்து வந்தாள்.

“கை கொஞ்சம் நீளமா இருக்கு,” என்றாள் அம்மா மெதுவாக. படத்தில் நான் வரைந்த கையைச் சொல்வதாக நினைத்து முதலாளி தலையசைத்தார். அம்மா சொன்னது சுடிதாரின் கையை. அடுத்து வந்த ஆடிக்கு வைத்த துணியின் கையை அவள் அரை விரல் நீளம் குறைத்துத் தைத்தாள். மறு வருடம் அதை நான் உடுத்தியபோது எனக்கு மணிக்கட்டு தெரிந்தது.

மென்பொருள் வாங்கினார்கள். படம் வலைத்தளத்தில் ஏறியது. அது எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு அதே மென்பொருளில் நூல் சுற்றுவதும் கப்பல் போவதும் செய்திருக்கிறேன். அவற்றுக்கு நடுப்படங்களை அதுவே நிரப்பிக்கொள்ள விட்டுவிடுவேன்.

ஒருமுறை சோமனூரில் கல்லூரித் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். சுற்றிலும் தறிச் சத்தம். எங்கள் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தேன். இணையம் ஊர்ந்தது. முதலில் மேசை வந்தது. பிறகு ஸ்டூல். அதோடு நின்றுவிட்டது.

“அக்கா, லைன் வீக்குங்க. வேற சிஸ்டம் மாத்தித் தரட்டுங்களா?” என்று கேட்டாள் கல்லாவில் இருந்த பெண்.

“வேண்டாங்க. வரும்,” என்றேன்.

தறிச் சத்தத்துக்கு நடுவே, படத்தின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுவிட்டு எழுந்து போக முடியாது.